கடலில் கரைந்த காட்டின் அஸ்தி!

கடலில் சாம்பலைக் கரைப்பது நமக்குப் புதுசில்லை. மதுரைப் பக்கம் யாரைக் கேட்டாலும், 'நேரா ராமேஸ்வரம் போயிரு, அக்னி தீர்த்தத்துல கரைச்சிரு' என்று பஸ் நேரம் முதற்கொண்டு சொல்லிவிடுவார்கள். ஒரு மனுஷனின் அஸ்தி எவ்வளவு இருந்துவிடப் போகிறது? மிஞ்சிப் போனால் ரெண்டு, மூணு கிலோ. கடலுக்கு அது ஒரு சிட்டிகைகூட இல்லை.

சரி... ஒரு காடே எரிந்து செத்து, அதன் அஸ்தி கடலில் கரைந்தால்?

'கரைந்தால்' என்ன, கரைந்திருக்கிறது! ஒரு தடவை அந்தச் சாம்பல் கடலுக்கு டானிக் மாதிரி வேலை செய்தது. இன்னொரு தடவை, சுமார் 400 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளப்பாறைகளைச் சாகடித்துவிட்டுப் போனது. சாம்பல் ஒன்றுதான், விழுந்த இடம்தான் வேறு.

'பி.காம். படிச்சவனுக்குக் கடல் பாசியில என்னய்யா வேலை?' என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். வேலை இருக்கிறது. இது அசல் வரவு-செலவு சமாச்சாரம். அதிலும் செலவு ஒருத்தர் தலையில், வரவு இன்னொருத்தர் கணக்கில் என்கிற ரகம்.

முதலில் அந்தப் பாசியைப் பார்த்துவிடுவோம். பிளாங்க்டன் என்று பெயர். தமிழில் மிதவை உயிர்கள் என்கிறார்கள். நீச்சலடித்துப் போக வக்கில்லாமல், தண்ணீர் இழுத்த இழுப்புக்குப் போகும் ஜென்மங்கள். (திங்கட்கிழமை காலை டவுன் பஸ்ஸில் நாம் போவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!) இதில் செடி ரகமும் உண்டு, பிராணி ரகமும் உண்டு. செடி ரகம்தான் கடலின் புல். கண்ணுக்குத் தெரியாத புல். அதைப் பிராணி ரகம் மேயும். இரண்டையும் நெத்திலியும் சாளையும் தின்னும். அவற்றைச் சூரை தின்னும். சூரையை நாம் குழம்பு வைப்போம். உலகத்தில் நடக்கிற ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதியைச் செய்வது இந்தக் கண்ணுக்குத் தெரியாத புல்தான். மிச்சப் பாதிக்குத்தான் ஆலமரம், அரசமரம், கம்பம் பள்ளத்தாக்கு நெல்வயல், அமேசான் காடு எல்லாம்.

இந்தப் புல்லுக்கு வெயில் வேண்டும், தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும். உரத்தில் தழைச்சத்து, மணிச்சத்து தவிர ஒரு துளி இரும்பும் வேண்டும். நடுக்கடலில் இந்த இரும்புதான் கிடைப்பதில்லை. கரை ஓரத்தில் ஆறு கொண்டு வந்து கொட்டும். நடுக்கடலுக்கு யார் கொண்டு போவது? காற்று கொண்டு போனால்தான் உண்டு. அதனால் உலகத்துக் கடல்களில் சில பெரிய பகுதிகள், முக்கியமாக அன்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடல், மற்ற சத்தெல்லாம் இருந்தும் ரத்தசோகை பிடித்த மாதிரி கிடக்கின்றன. அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்களே, அது மாதிரி ஒன்று கிடைத்தால் கடல் பச்சைப் பசேலென்று எழுந்து உட்கார்ந்துவிடும்.

இதை அடித்துச் சொன்னவர் ஜான் மார்ட்டின் என்ற அமெரிக்க விஞ்ஞானி. பாசி வளர்ந்தால் காற்றிலிருக்கும் கார்பன்-டை-ஆக்ஸைடை இழுத்துக்கொள்ளும், செத்து ஆழத்துக்குப் போனால் அந்தக் கரி அங்கேயே புதைந்துவிடும், பூமி குளிரும். 'பாதிக் கப்பல் இரும்பு கொடுங்கள், பனியுகத்தையே வரவழைத்துக் காட்டுகிறேன்' என்று 1988-ல் ஒரு கூட்டத்தில் பாதி விளையாட்டாகச் சொன்னார். நிறையப் பேர் சிரித்தார்கள். 1993 ஜூனில் மார்ட்டின் இறந்துபோனார். அதே வருஷம் அக்டோபரில் அவருடைய சகாக்கள் காலபகாஸ் தீவுகள் பக்கம் பசிபிக் கடலில் 64 சதுர கிலோமீட்டரில் 445 கிலோ இரும்பைக் கரைத்துப் பார்த்தார்கள். பாசி வளர்ந்தது! பார்க்கத்தான் மனுஷர் இல்லை.

இனி நாம் 1997-க்குப் போகலாம். போக வேண்டிய இடம் இந்தோனேஷியா.

அந்த வருஷம் சிங்கப்பூர், மலேசியாவில் வேலை பார்த்த நம்மூர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். பகல் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் தேய்ந்த தாம்பாளம் மாதிரி தெரிந்ததையும், மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனதையும் சொல்வார்கள். சுமத்ரா, போர்னியோ தீவுகளில் காடு எரிந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 26-ஆம் தேதி அந்தப் புகைமூட்டத்தின் நடுவே சுமத்ராவின் மேடான் நகரத்தை நெருங்கிய விமானம் ஒன்று மலையில் மோதி 234 பேரும் இறந்தார்கள். அந்நாட்டு அதிபர் சுகார்த்தோ பக்கத்து நாடுகளிடம் மன்னிப்புக் கேட்டார்.

எரிந்தது வெறும் மரமாக இருந்தால் ஒரு மாதத்தில் அணைந்திருக்கும். அங்கே மண்ணே எரியும்! பல ஆயிரம் வருஷமாக இலையும் வேரும் சேற்றில் ஊறி, மக்கியும் மக்காமலும் பல மீட்டர் ஆழத்துக்குச் சேர்ந்த கரிச்சேறு அது. தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரை சாது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் காய்ந்த வறட்டி. போர்னியோவில் 10 லட்சம் ஹெக்டேர் கரிச்சேற்று நிலத்தை நெல்வயலாக்குவது என்று 1995-ல் சுகார்த்தோ முடிவெடுத்தார். 4,000 கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால் வெட்டினார்கள். சோழவந்தான் விவசாயி ஒருத்தரைக் கூட்டிப் போயிருந்தால் மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தே 'இதுல நெல்லு வராது சாமி' என்று சொல்லியிருப்பார். வரவில்லை. நெல்லுக்குப் பதிலாகத் தீ வந்தது. அந்தப் பக்கம் சுமத்ராவிலோ செம்பனைத் தோட்டம் போடுகிறவர்கள் நிலத்தைச் 'சுத்தம்' செய்யத் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் வைத்து வெட்டி அகற்றுவதைவிடத் தீப்பெட்டி சல்லிசு. எல் நினோ புண்ணியத்தில் மழையும் பொய்த்தது.

அந்த வருஷம் உலகம் முழுக்கப் பெட்ரோல், டீசல், நிலக்கரி என்று எரித்து வெளியேறிய கரியில் 13 முதல் 40 சதவீதத்துக்குச் சமமான அளவு இந்தத் தீயிலிருந்து மட்டும் வந்தது என்று 2002-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். (13-க்கும் 40-க்கும் நடுவே இவ்வளவு இடம் விட்டு நான் ஒரு பேலன்ஸ் ஷீட் கொடுத்தால் ஆடிட்டர் பேப்பர் வெயிட்டாலேயே அடிப்பார். ஆனால் பூமிக்கு அடியில் எரிவதை யார் போய் முழம் போடுவது? 13 என்றே வைத்தாலும் தலை சுற்றுகிறது.)

சுமத்ராவுக்கு மேற்கே, நம்ம இந்தியப் பெருங்கடலில், மென்டவாய் என்று ஒரு தீவுக்கூட்டம். 2004 சுனாமி கிளம்பிய சுமத்ராவின் அதே மேற்குப் பக்கம்தான். கொஞ்சம் தெற்கே தள்ளி. 1997 கடைசியில் அந்தக் கடல் சிவந்தது. அளவுக்கு மீறிப் பாசி. அப்புறம் பவளப்பாறைகள் செத்தன. மீன்கள் செத்தன. சுமார் 400 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளமும் மீனும் ஏறக்குறைய ஒட்டுமொத்தமாகக் காலி. 400 கிலோமீட்டர் என்றால், வைகை எக்ஸ்பிரஸில் மதுரையில் ஏறி உட்கார்ந்து, செங்கல்பட்டை நெருங்கும்வரை ஜன்னலுக்கு வெளியே தெரிவதெல்லாம் செத்துக் கிடப்பதாக நினைத்துப் பாருங்கள்.

யார் கொன்றது? துப்புத் துலக்கியவர் நெரிலி ஏப்ரம் என்ற இளம் ஆராய்ச்சியாளர். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துக்காரர். மரத்துக்கு வருஷ வளையம் இருப்பது போலப் பவளத்துக்கும் வருஷ வரி உண்டு. துளைபோட்டுக் குச்சி மாதிரி உருவி எடுத்தால், எந்த வருஷம் தண்ணீர் எப்படி இருந்தது என்று படித்துவிடலாம். உயிருள்ள பவளம், செத்து மேடேறிக் கிடக்கும் பழைய பவளம் என்று எடுத்துச் சுமார் 7,000 வருஷத்துக் கதையை அவரும் சகாக்களும் படித்தார்கள். 2003 ஆகஸ்டில் 'சயின்ஸ்' பத்திரிகையில் விஷயம் வெளிவந்தது.

அவர்கள் கண்டது இதுதான். 1997-ல் அங்கே ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே பொங்கி வந்தது. பாசிக்கு வேண்டிய தழைச்சத்து, மணிச்சத்தெல்லாம் அதோடு வந்தது. ஆனால் இப்படிப் பொங்குவது புதுசில்லை. பழைய காலத்திலும் அதே அளவுக்குப் பொங்கியிருக்கிறது, பவளம் பிழைத்திருக்கிறது. அந்த 7,000 வருஷத்தில் இல்லாத சாவு இந்தத் தடவை மட்டும் எப்படி? இந்தத் தடவை புதுசாக வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்று... மேலேயிருந்து விழுந்த சாம்பலும் புகையும். அதிலிருந்த இரும்பு! இலை போட்டுச் சோறு, குழம்பு, கூட்டு எல்லாம் பரிமாறியாயிற்று, உப்பு மட்டும் இல்லை. உப்பு வானத்திலிருந்து கொட்டியது.

இதை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. 2004-லேயே அதே பத்திரிகையில் மறுத்து எழுதினார்கள். சாம்பலின் பங்கு எவ்வளவு, பொங்கி வந்த தண்ணீரின் பங்கு எவ்வளவு என்கிற வழக்கு அது. எனக்கென்னவோ, 7,000 வருஷத்து லெட்ஜரைப் புரட்டிவிட்டு 'இந்த என்ட்ரி இதுக்கு முன்னாடி இல்லை' என்று சொல்கிறவர் பக்கம்தான் மனசு சாய்கிறது.

பாசி வளர்ந்தால் நல்லதுதானே, மீனுக்குத் தீனிதானே என்று தோன்றும். கல்யாண மண்டபத்தில் முந்நூறு பேருக்குப் பதில் மூவாயிரம் பேருக்குச் சமைத்துவிட்டால் என்ன ஆகும்? மிஞ்சியது ஊசிப்போகும். பாசியும் அப்படித்தான். மேய ஆளில்லாமல் மிஞ்சிய பாசி கும்பலாகச் சாகிறது. அதை அழுகவைக்க பாக்டீரியா வருகிறது. அது தண்ணீரிலிருக்கும் ஆக்ஸிஜனையெல்லாம் இழுத்துக்கொள்கிறது. நீந்தத் தெரிந்த மீன் தப்பிக்கப் பார்க்கும். பவளம் எங்கே ஓடும்? இருந்த இடத்திலேயே மூச்சு முட்டிச் சாகும்.

இதைப் பார்க்க மென்டவாய் வரைக்கும் போக வேண்டாம். 2019 ஆகஸ்டில் சென்னை பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் அலை நீலமாக ஒளிவிடுகிறது என்று ராத்திரியோடு ராத்திரியாக எல்லோரும் செல்போனோடு ஓடினார்களே, ஞாபகமிருக்கிறதா? அந்த வெளிச்சத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட உயிர் நாக்டிலூகா. அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் அது கூட்டம் போட்டது. அங்கே ராத்திரி வெளிச்சம் பார்க்க யாரும் போகவில்லை. பகலில் கடல் பச்சைக் குழம்பாக இருந்தது. மண்டபம், பாம்பன் மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. குருசடை, சிங்கில் தீவுகள் பக்கம் ஆக்ஸிஜன் அதலபாதாளத்துக்குப் போய், பவளங்கள் செத்தன. 21 தீவுகள் கொண்ட அந்த இடம் 1986-லிருந்து தேசியப் பூங்கா. பவளத்தை நம்பி மீன், மீனை நம்பி மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை எத்தனை குடும்பங்கள்!

அவசரப்பட்டு இதற்கும் காட்டுத்தீயைக் குற்றவாளியாக்கிவிடாதீர்கள். அங்கே சாம்பல் மழை எதுவும் பெய்யவில்லை. கடலுக்கு உரம் போட நமக்குச் சாக்கடை உண்டு, வயலிலிருந்து வழியும் யூரியா உண்டு. நான் சொல்ல வருவது, கரையோரக் கடலுக்கு ஏற்கெனவே வயிறு நிறைந்திருக்கிறது. அதற்கு மேல் எது ஊட்டினாலும் முடிவு இப்படித்தான் என்பதை.

நடுக்கடல் கதை வேறு. 2019 கடைசியிலும் 2020 ஜனவரியிலும் ஆஸ்திரேலியா எரிந்தது. அந்தப் புகை கிழக்கே பறந்து, இரும்புக்கு ஏங்கிக் கிடந்த தென்கடலில் இறங்கியது. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கிலும், பசிபிக்கில் ரொம்ப தூரம் தள்ளியும் பாசி படர்ந்தது. எவ்வளவு பரப்பு? ஆஸ்திரேலியாக் கண்டத்தைவிடப் பெரிசு! செயற்கைக்கோள் படத்தையும், கடலில் தானே முங்கி எழுந்து கணக்கெடுக்கும் மிதவைக் கருவிகளையும் வைத்து 2021 செப்டம்பரில் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். அங்கே மீன் சாகவில்லை, பவளம் சாகவில்லை. பசித்தவனுக்குச் சோறு கிடைத்த மாதிரி.

மண்ணில்தான் எத்தனையோ இரும்பு இருக்கிறதே, பாலைவனத் தூசு கடலில் விழாமலா இருக்கிறது, புகைக்கு என்ன விசேஷம்? விசேஷம் கரைவதில். தூசியிலிருக்கும் இரும்பு துருப்பிடித்த ஆணி மாதிரி; தண்ணீரில் கிடந்தாலும் அவ்வளவாகக் கரையாது. புகையிலோ அமிலம் இருக்கிறது. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் கறுத்துப்போகும் பாருங்கள், புளி இரும்பைக் கரைக்கிற வேலை அது. காற்றில் மிதந்து வருகிற வழியிலேயே புகைக்கு இந்தப் பக்குவம் நடந்துவிடுகிறது. அகமதாபாத் பிஸிகல் ரிசர்ச் லேபரட்டரிக்காரர்கள் நம்ம ரெண்டு கடலின் மேலும் காற்றைப் பிடித்து அளந்து 2012-ல் எழுதினார்கள். அரபிக்கடல் பக்கம் பாலைவனத் தூசு ஜாஸ்தி, கரையும் இரும்பு கம்மி. வங்காள விரிகுடாவின் மேலோ, பனிக்காலத்தில் கங்கைச் சமவெளியின் வைக்கோல் புகை, அடுப்புப் புகை, தொழிற்சாலைப் புகை எல்லாம் வந்து கவிகிறது; இரும்பு பல மடங்கு நன்றாகக் கரைகிறது. ஆக, புகை வந்து இறங்குவது ஆஸ்திரேலியா சமாச்சாரம் மட்டும் இல்லை.

ஆஸ்திரேலியத் தீ கக்கியது சுமார் 71 கோடி டன் கார்பன்-டை-ஆக்ஸைடு. கடல் பாசி அதில் கணிசமானதை இழுத்துக்கொண்டிருக்கலாம் என்றதும் சிலருக்குக் குஷி கிளம்பிவிட்டது. 'பார்த்தியா, காடு எரிஞ்சா கடல் சரிக்கட்டிரும்!' அங்கேதான் சார் கணக்கு இடிக்கிறது. பாசி இழுத்த கரி ஆழத்துக்குப் போனால்தான் ஃபிக்ஸட் டெபாசிட். மேலேயே யாராவது தின்று மூச்சு விட்டால் அது கரன்ட் அக்கவுன்ட். போட்ட பணம் சாயந்தரமே வெளியே வந்துவிடும்.

இதை நேரில் பார்த்தவர்கள் நம்ம ஆட்கள். கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து 2009-ல் 'லோஹாஃபெக்ஸ்' என்று ஒரு பரிசோதனை நடத்தின. லோஹா என்றால் இந்தியில் இரும்பு. போலார்ஸ்டெர்ன் என்ற கப்பலில் தென் அட்லான்டிக்குக்குப் போய், 300 சதுர கிலோமீட்டரில் 6 டன் இரும்பைக் கரைத்தார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகள் கூச்சல் போட்டு நடுவழியில் கொஞ்ச நாள் நிறுத்தியும் வைத்தார்கள். கடைசியில் பாசி வளர்ந்தது. வளர்ந்த பாசியைக் கோபிபாட் என்னும் குட்டிப் பிராணி சாப்பிட்டது. கோபிபாடை ஆம்பிபாட் என்னும் இன்னொரு பெரிய பூச்சி சாப்பிட்டது. ஆழத்துக்குப் போனது சொற்பம். ஏன்? கண்ணாடி ஓடு போட்ட டயாட்டம் என்கிற பாசிதான் கனமாக இருந்து நன்றாக மூழ்கும். ஓடு கட்ட அதற்குச் சிலிகா வேண்டும். அந்த இடத்துச் சிலிகாவை முந்தைய பாசிகளே காலி செய்துவிட்டிருந்தன. இரும்பு மட்டும் கொட்டினால் போதாது என்பதைக் கப்பல் செலவோடு தெரிந்துகொண்டார்கள். நியாயமான செலவு என்பேன். இல்லாவிட்டால் 'கடலில் இரும்பு கொட்டுகிறோம், காசு கொடுங்கள்' என்று கம்பெனி ஆரம்பித்தவர்களை எல்லாரும் நம்பியிருப்பார்கள். ஆராய்ச்சி தவிர வேறெதற்கும் இப்படிக் கொட்டக் கூடாது என்று 2008-லேயே லண்டன் ஒப்பந்த நாடுகள் தீர்மானம் போட்டது நல்லதாகப் போயிற்று.

நம்ம குரங்கணி? 2018 மார்ச் 11-ல் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கிய தீயை மதுரைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கூட்டம் கண்ணிலேயே இருக்கிறது. அந்த மலைச்சாம்பல் கொட்டகுடி ஆற்றில் இறங்கினால் வைகைக்கு வரும், அணையில் படியும், அதையும் தாண்டினால் வழி நெடுகக் கண்மாய்கள், கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய். அதுவும் நிரம்பி வழிந்தால்தான் ஆற்றங்கரை கிராமத்துப் பக்கம் கடலைத் தொடும். வைகை கடலுக்குப் போகாத ஆறு என்று கிண்டல் செய்வார்களே, சாம்பல் விஷயத்தில் அது பாக் நீரிணைக்கு நல்லதாகப் போயிற்று. கெடுதலோ நன்மையோ, நம்ம காட்டுச் சாம்பல் நம்ம கண்மாய் மீனுக்கே.

ஆனால் இந்தோனேஷியச் சாம்பலில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 2015-ல் மறுபடி அங்கே 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. நஷ்டம் 1,600 கோடி டாலர் என்று உலக வங்கி சொன்னது. சுனாமிக்குப் பிறகு ஆச்சே மாகாணத்தைத் திரும்பக் கட்ட ஆன செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். 2016-ல் கரிச்சேற்று நிலத்தைக் காப்பாற்றத் தனி நிறுவனம் வைத்து, வெட்டின வாய்க்கால்களை அடைக்க ஆரம்பித்தார்கள். ஆனாலும் செம்பனைத் தோட்டம் போடுகிறவர்கள் ஏன் போடுகிறார்கள்? எண்ணெய் விற்கிறது. யாருக்கு? உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு எது தெரியுமோ? நாம்தான்!

பழங்காநத்தம் ரவுண்டானா பக்கம் சாயந்தரம் பஜ்ஜி போடும் அண்ணனிடம் இந்த மென்டவாய் கதையைச் சொன்னேன்.

"என்ன எண்ணெய்ண்ணே இது?"

"பாமாயில்தேன். பின்ன, நெய்யிலயா போடுவாக?"

சொன்னேன். காடு, கரிச்சேறு, சாம்பல், பவளம் எல்லாம். கரண்டியைத் திருப்பிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"அங்கிட்டு எரிஞ்சதுக்கு நான் என்ன தம்பி பண்றது? கடலை எண்ணெய்ல போட்டா ஒரு பஜ்ஜி இருவது ரூவா. நீ வேணா வாங்குவ. இந்தா நிக்கிறானுகள்ல, இந்தப் பயலுக வாங்குவானுகளா?"

காஸ்டிங் பேப்பரில் நான் வாங்கிய மார்க்குக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. "சரிண்ணே, பஜ்ஜி வேணாம். சுண்டல் ஒரு பொட்டலம் குடுங்க" என்றேன்.

கொடுத்தார். காசை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"தாளிச்சது அதே எண்ணெய்தேன்."